ஐந்தாவது கை

எந்த ஓட்டலுக்குப் போனாலும் வர்ஜில் டோம்சாக் சுவரை ஒட்டின நாற்காலியைத்தான் தேடுவான். முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் அவனுக்கு ஒரு வாய் உள்ளே இறங்காது. ஆறரை அடி உயரம், நூற்றைம்பது கிலோ, ஐம்பத்திரண்டு வயது, டொலீடோ அணியின் லைன் கோச். இப்படிப்பட்ட ஆள் பேய்க்குப் பயப்படுகிறான் என்றால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அதனால் அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவனுக்குப் பின்னால் ஏழு கஜ தூரத்தில், வலது தோளுக்கு நேராக, லைல் ப்ரானாக் நிற்கிறான். செத்துப் பதிமூன்று வருஷம் ஆகிறது, இன்னும் நிற்கிறான். பந்து நகர்வதற்கு முன்னால் எப்போதும் கேட்பதையே இன்னும் கேட்கிறான்.

"இருக்கியா வர்ஜில்?"

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அமெரிக்க ஃபுட்பால் காலால் உதைக்கிற ஆட்டம் இல்லை, தோளால் மோதுகிற ஆட்டம். இதில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குக்குத்தான் பேரும் புகழும் எல்லாம். ஆனால் அவன் எறிய வேண்டுமென்றால் மூன்று விநாடி யாரும் அவனைத் தொடாமல் இருக்க வேண்டும். அந்த மூன்று விநாடியை வாங்கிக் கொடுப்பவர்கள் முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து தடியர்கள். அதற்குப் பெயர்தான் லைன். தப்பு நடக்கிறவரை அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. இன்னொரு கொடுமையும் உண்டு. யாரைக் காக்கிறார்களோ அவனை அவர்கள் பார்க்கவே முடியாது. முகம் எதிரி பக்கம், முதுகு அவன் பக்கம். பந்து போய்விட்டதா, இன்னும் அவன் கையில் இருக்கிறதா என்பதைக் கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

வர்ஜில் அந்தக் காலத்தில் இடது கோடியில் நின்றவன். வலக்கையால் எறிகிறவனுக்கு இடப்பக்கம் கண்ணில் படாது. லைலின் அந்தக் குருட்டுப் பக்கத்துக்கு அவன்தான் காவல்.

ட்ராஃப்ட் வியாழக்கிழமை. கல்லூரி ஆட்டக்காரர்களை ஒவ்வொரு அணியும் முறைவைத்துப் பொறுக்கியெடுக்கும் நாள். அதற்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய் காலை, மேனேஜர் நீல் காரிகனின் அறையில் சுவர் முழுக்கப் பெயர்ச்சீட்டுகள் தொங்கின. திரையில் ஒரு பையன் லைனில் ஆடிக்கொண்டிருந்தான்.

"கோச், சுத்தி வளைக்காம சொல்லுங்க. இவன் எப்படி?" என்றான் நீல்.

"பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்குறேன். இப்படி ஒருத்தனைப் பாத்ததில்ல," என்றான் வர்ஜில். "போன வருஷம் நம்ம குவார்ட்டர்பேக் கெஸ்லர் அறுபத்தோரு தடவை கீழ விழுந்திருக்கான். இருபத்தி மூணு வயசுப் பையன், மாடிப்படி இறங்கறப்ப கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு இறங்குறான். அவனுக்கு வேண்டியது இந்த ஆளுதான்."

அப்போது அகஸ்டா ஃபென்விக் அம்மாள் உள்ளே வந்தார். எழுபத்தெட்டு வயது. அணி அந்தம்மாவுடையது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் படித்தார்.

"ஆமஸ் போல். எந்த போல்?"

நீல் தரையைப் பார்த்தான். "எஸ்ரா போலோட பையன், மேடம்."

"அந்தச் சீட்டத் தூக்கிடு."

"மேடம், ஒரு நிமிஷம்," என்றான் வர்ஜில்.

"தூக்குன்னு சொன்னேன். நம்ம முறை வரும்போது அந்த ஃப்ளோரிடா பையன எடுங்க, பறந்து பறந்து பந்து புடிக்கிறானே அவன். ஜனங்களும் சந்தோஷப்படுவாங்க."

"பந்து வந்தாத்தான மேடம் புடிப்பான்? எறியறவன் மண்ணுல கெடக்கும்போது இவன் அங்க போய் நின்னு கை தட்டுவானா? நல்ல லைன் இருந்தா சுமாரா எறியறவன்கூட ஜெயிப்பான். லைன் இல்லன்னா தேவதூதன் வந்து எறிஞ்சாலும் எலும்புதான் முறியும்."

நீல் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அந்தம்மா சிரிக்கவில்லை.

"லைல் என் வீட்டுச் சமையலறையில உக்காந்து ஆப்பிள் பை சாப்பிட்ட பையன்," என்றார். "போல்ங்கற பேரப் போட்ட சட்டை என் மைதானத்துல ஓடறத நான் உயிரோட இருக்கறவரைக்கும் பாக்க மாட்டேன். வேற யாராவது கேட்டா அறியாமைன்னு விட்டுடுவேன். நீ எப்படி வர்ஜில் கேக்கற? பதினோரு வருஷம் அவனுக்கு ஊட்டி விட்டவன் நீ. எனக்குத் தெரியாத காரணம் எதுவும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லு, கேக்கறேன்."

வர்ஜிலின் முதுகுக்குப் பின்னால் ஏழு கஜத்துக்கு இடமே இல்லாத அறை அது. ஆனாலும் கேட்டது. இருக்கியா வர்ஜில்?

"இல்ல மேடம்," என்றான்.

நீல் சீட்டை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டான்.

இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் மாதம், மூக்கு உறைந்து விழுகிற குளிர். ஜெயித்தால்கூடப் போதாது, வேறு ஊரில் நடக்கிற ஆட்டத்தில் இன்னொரு அணி தோற்கவும் வேண்டும், அப்போதுதான் டொலீடோ அடுத்த சுற்றுக்குப் போகும். கடைசிக் கால் மணி. வர்ஜிலுக்கு உட்பக்கத்தில் எஸ்ரா போல், இருபத்திரண்டு வயது, அது அவனுக்கு முதல் சீசன். பந்து லைலின் கைக்குப் போனது. எதிராளி வர்ஜில் மேல் மோதினான், வர்ஜில் பிடித்துக்கொண்டான். அப்போது அறுபதாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். பந்து பறந்துவிட்டது என்று நினைத்தான். எந்த லைன்காரனும் அப்படித்தான் நினைப்பான். கையைத் தளர்த்தினான்.

பந்து பறக்கவில்லை. அந்த வேறு ஊர் ஆட்டத்தின் முடிவு ஸ்கோர் பலகையில் வந்திருந்தது. அதற்குத்தான் அந்தக் கத்தல். எதிராளி உட்பக்கமாக வழுக்கி, வர்ஜிலுக்கும் எஸ்ராவுக்கும் நடுவில் புகுந்து, கையில் பந்தோடு நின்றிருந்த லைலின் முதுகில் போய் மோதினான். கழுத்துக்குக் கீழே லைல் அன்றைக்கே செத்துப்போனான். மேலே இருந்தது பதினோரு வருஷம் சக்கர நாற்காலியில் இருந்தது.

திங்கட்கிழமை வழக்கப்படி லைன்காரர்கள் அந்த ஆட்டத்தின் படம் பார்க்க உட்கார்ந்தார்கள். எங்கள் லைன்களில் பழைய பழக்கம் ஒன்று உண்டு. குவார்ட்டர்பேக் விழுகிற இடத்தில் கோச் படத்தை நிறுத்தி, "யார் ஆளு?" என்று கேட்பார். ஐந்து கையும் எழ வேண்டும். என் ஆளு, என் ஆளு என்று ஐந்து பேரும் பழியை இழுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கோச் உண்மையைப் பிரித்துக்கொள்வார், வெளியே ஒரு வார்த்தை போகாது. படத்தில் பார்த்தால், வர்ஜில் தன் ஆளை முறைப்படி எஸ்ராவிடம் கைமாற்றின மாதிரியே இருந்தது. எதிராளி உள்ளே திரும்பினால் கோடியில் நிற்பவன் பக்கத்தில் இருப்பவனின் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டுவான். இனி இவன் உன் ஆள் என்று அர்த்தம். தட்டினானா இல்லையா என்பது அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"யார் ஆளு?" என்று கோச் கேட்டார். எஸ்ராவின் கை முதலில் எழுந்தது. அப்புறம் மற்ற மூன்று பேருடைய கை. வர்ஜிலின் கை தொடையின் மேலேயே இருந்தது. தூக்கத்தான் நினைத்தான். தூக்கினால் அது மரியாதைக்குத் தூக்கின கை இல்லை, நிஜக் கை. அதுதான் அவனால் முடியவில்லை. கோச் நான்கு கைகளைப் பார்த்தார், வர்ஜிலைப் பார்த்தார், தப்பு எஸ்ராவுடையது என்று முடிவுக்கு வந்துவிட்டார். மூன்றாம் நாள் பத்திரிகையில் எஸ்ராவின் பெயர் வந்தது. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவன் வீட்டுச் சுவரில் லைலின் சட்டை எண்ணைச் சிவப்புப் பெயிண்டால் எழுதினார்கள். அடுத்த வருஷம் எந்த அணியும் அவனைச் சீந்தவில்லை.

வர்ஜில் செவ்வாய்க்கிழமை தவறாமல் லைல் வீட்டுக்குப் போய்க் கோழி சூப் ஊட்டினான். லைல் பாதிக் கிண்ணத்தில் நிறுத்தி, "அந்தப் போல் பய தூங்குறானா வர்ஜில்? நிம்மதியாத் தூங்குறானா?" என்று கேட்பான். வர்ஜில் பதில் சொல்லாமல் அவன் வாயைத் துடைத்துவிடுவான். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னையே காறித் துப்பிக்கொள்வான். அடுத்த செவ்வாய் மறுபடியும் போவான்.

சீட்டு இழுப்பறைக்குள் போன அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், வர்ஜில் காரை எடுத்துக்கொண்டு மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டினான். வழியெல்லாம் ஒரே தட்டை வயல், இன்னும் உழாத ஈர மண். எஸ்ரா பள்ளிக்கூட பஸ்களை ரிப்பேர் செய்கிறான் என்று கேள்வி. இத்தனை வருஷமாக வர்ஜில் பயந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். எஸ்ராவுக்கு உண்மை தெரியும். தட்டு விழவில்லை என்று அவன் இடுப்புக்குத் தெரியுமே! தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் திறப்பான்.

கொட்டகைக்குள் மஞ்சள் பஸ் ஒன்றின் அடியிலிருந்து எஸ்ரா வெளியே வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பார்த்தான்.

"அட, டோம்சாக்கா? வாங்க. காப்பி இருக்கு, காலைல போட்டது. குடிச்சா சாக மாட்டீங்க, பயப்படாதீங்க."

"எஸ்ரா..."

"பையன் பேரைச் சுவத்துலேர்ந்து தூக்கிட்டாங்களா?"

"தூக்கிட்டாங்க."

"தெரிஞ்சதுதான்." அவன் காப்பியை ஊற்றினான். "அந்தம்மாவ நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். அவங்க எடத்துல நான் இருந்தாலும் தூக்கியிருப்பேன். அத சொல்ல இவ்ளோ தூரம் வந்தீங்களே, அதுவே பெரிசு."

வர்ஜில் கோப்பையை வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

"பையனோட ஆட்டம் பாத்தீங்களா?" என்று எஸ்ரா கேட்டான். முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது. "அவன் இடது இடுப்பப் பாத்தீங்களா? பக்கத்துல இருக்கறவன் லேசாத் தட்டினாப் போதும், அடுத்த ஆளைப் புடிச்சிருப்பான். நாலு வருஷம் காலேஜ்ல ஆடினான், ஒரு தட்டு தவற விட்டதில்ல. ஒண்ணு கூட!"

"பாத்தேன். எப்படி வந்துச்சு அது?"

"எப்படி வரும்? ஏழு வயசுலேர்ந்து பழக்கினேன். கண்ணக் கட்டிட்டுத் தட்டுவேன். மொதல்ல உள்ளங்கையால. அப்புறம் ஒரு விரலால. அப்புறம் ஐஸ் பையை இடுப்புல கட்டி, மரத்துப் போறவரைக்கும் நிக்க வெச்சுத் தட்டுவேன். அவங்கம்மா கரண்டியத் தூக்கிட்டு என்னை அடிக்க வருவா. பாவம், அவ சொல்றதும் நியாயந்தான், பச்சப் புள்ள அழுவான். ஆனா என்னை மாதிரி ஆயிடக் கூடாதே!"

"உன்னை மாதிரின்னா?"

எஸ்ரா தன் இடது இடுப்பைத் தடவினான். "நீங்க தட்டினீங்க. எனக்குத் தெரியல. அந்தக் குளிருல இது கட்டையாயிருந்துச்சு. ராவெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன், எப்படித் தெரியாமப் போச்சுன்னு. திங்கக்கிழமை படத்துல எல்லாரும் மரியாதைக்குக் கை தூக்கினாங்க, நீங்க தூக்கல. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இது மரியாதை பாக்கற விஷயமில்ல, நெசமாவே நான்தான் ஒருத்தனைக் கொன்னுருக்கேன்னு. ஒரு விதத்துல உங்களுக்கு நான் நன்றி சொல்லணும். நீங்க பொய்க்கு ஆறுதல் சொல்லல."

வர்ஜில் பஸ்ஸின் படியில் உட்கார்ந்துவிட்டான். எஸ்ரா தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்தவன் இல்லை. நம்பியவன். இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறான். பெற்ற பிள்ளையின் இடுப்பில் ஐஸைக் கட்டுகிற அளவுக்கு நம்பியிருக்கிறான். அட கடவுளே! இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எழுந்து காரில் ஏறிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது என்று அந்த நிமிஷத்திலும் அவன் மனசு ஒரு கணக்குப் போட்டது.

"நான் தட்டல எஸ்ரா."

"என்ன?"

"தட்டவே இல்ல. ஜனங்க கத்தினாங்க. பந்து போயிடுச்சுன்னு நெனச்சுக் கைய விட்டுட்டேன். என் ஆளு. அவன் என் ஆளு."

எஸ்ரா நின்ற இடத்திலேயே நின்றான்.

"இன்னொரு தடவை சொல்லு."

'சொல்லுங்க' போய்விட்டது. வர்ஜில் இன்னொரு தடவை சொன்னான்.

"போன எடு," என்றான் எஸ்ரா. "அந்தம்மாவக் கூப்பிடு. நான் கேக்கற மாதிரி பேசு."

வர்ஜில் கூப்பிட்டான். அகஸ்டா அம்மாள் எடுத்ததும், முன்னுரை எதுவும் போடாமல், எஸ்ராவிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னான்.

"செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை போனியே," என்றார் அந்தம்மா. "லைல் எஸ்ராவத் திட்டும்போது நீ என்ன பண்ணுவ?"

"வாயைத் துடைச்சு விடுவேன் மேடம்."

"எஸ்ரா அங்க இருக்கானா?"

"இருக்கேன்மா," என்றான் எஸ்ரா.

"உன்கிட்ட நான் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலப்பா."

"ஒண்ணும் சொல்ல வேணாம்மா."

"உன் பையன் பேரை நானே போய்ச் சுவத்துல மேல வெக்கிறேன். பரிகாரத்துக்கு இல்ல, அவன் நல்ல ஆட்டக்காரன்னு கேட்டதால. வர்ஜில், வெள்ளிக்கிழமைக்குள்ள உன் அறையக் காலி பண்ணிடு." தொடர்பு அறுந்தது.

எஸ்ரா சந்தோஷப்படுவான் என்று வர்ஜில் எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தான். எஸ்ரா ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐஸ் வெச்சேண்டா அவனுக்கு," என்றான். "அழ அழ வெச்சேன். இல்லாத தட்டுக்காக."



பிறகு எஸ்ரா தலையை நிமிர்த்தினான். "அவன் அங்க வந்தா, இடது கோடியில, அவன் பக்கத்துல யார் நிப்பான்?"

"ஹோல்கர்னு ஒருத்தன். பலசாலி. காலும் வேகம்."

"அத நான் கேக்கல. திங்கக்கிழமை படத்துல கை தூக்குவானா?"

"கை தூக்கறது இப்ப இல்ல," என்றான் வர்ஜில்.

"இல்லன்னா?"

"நான் கோச்சானதும் நிறுத்திட்டேன். கைங்க எழும்பறத என்னால பாக்க முடியல. இப்பல்லாம் ஒவ்வொருத்தனையும் தனித்தனியாக் கூப்பிட்டு மார்க் போட்டுக் குடுத்துடுவேன்."

எஸ்ரா அவனையே பார்த்தான். "பதினெட்டு வருஷமாவா?"

"ஆமா."

"அப்ப அது லைனே இல்லடா. அஞ்சு தடியனுங்க வரிசையா நிக்கிறானுங்க, அவ்ளோதான். அந்தக் கெஸ்லர் பையன் அறுபத்தோரு தடவ ஏன் விழுந்தான்னு ஊரெல்லாம் மண்டைய ஒடைச்சுக்குது! ஒருத்தனுக்கு ஒருத்தன் கை தூக்க மாட்டான்னா, எவன்டா பக்கத்துல இருக்கறவன நம்பித் திரும்புவான்? உன்னால ஆளுங்க விழறது லைலோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நீ இன்னும் நிறுத்தவே இல்லையேடா."

இந்தப் பதினெட்டு வருஷத்தில் விழுந்த ஒவ்வொருவன் முகமும் வர்ஜிலுக்கு ஞாபகம் வந்தது. முழங்கால் போனவன், தோள் போனவன், மனைவி பெயர் மறந்துபோய் விழித்தவன். அவர்களையெல்லாம் அவன் லைல் கணக்கில் சேர்த்ததே இல்லை. ஆட்டத்தில் நடப்பதுதான் என்று விட்டிருந்தான்.

எஸ்ராவின் போன் மேஜையில் அதிர்ந்தது. திரையில் ஆமஸ் என்று இருந்தது. எஸ்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, எடுத்தான்.

"சொல்றா. சாப்பிட்டியா? ... என்ன சாப்பிட்ட? ... அதெல்லாம் ஒரு சாப்பாடாடா? ... குரலா? சளிடா, வேற ஒண்ணுமில்ல. நல்ல செய்தி வரும்னுதான் தோணுது. வியாழக்கிழம வீட்டுக்கு வந்துடு, அம்மா ஏதாவது பண்ணுவா." அந்தப் பக்கம் பையன் ஏதோ கேட்டான். எஸ்ரா, மூன்றடி தள்ளி பஸ் படியில் உட்கார்ந்திருந்தவனை நேராகப் பார்த்தான்.

"இல்லடா," என்றான். "இங்க யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

பேசிக்கொண்டே அவன் கொட்டகையின் பின்பக்கமாகப் போய்விட்டான். வர்ஜில் காப்பிக் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு எழுந்து காரை நோக்கி நடந்தான்.